செங்காய் விதை

ஆவணி 27. அண்ணன் திருமணம். மதினி வீட்டுக்கு வந்தார்.
புரட்டாசி. மழை இல்லை.
ஐப்பசி 21. முதல் மழை. உழவு.
ஐப்பசி 24. மிளகாய் விதைப்பு. வழக்கத்தைவிட நாற்பது நாள் பிந்தியது.
தை 27, வெள்ளி. அடுத்த ஆண்டுக்கான விதைக்காய் பறிப்பு. பெரும்பாலும் பச்சை, சில செங்காய்.
மாசி 25. முதல் பழ எடுப்பு.
பங்குனி 14. இரண்டாம் பழ எடுப்பு.
மறு ஆண்டு, புரட்டாசி 12. மழை உரிய காலத்தில். விதைப்பு.
புரட்டாசி 24. அண்டைக் கொல்லைகளில் முளைப்பு முழுமை. எங்கள் கொல்லையில் பாத்திக்கு நான்கைந்து.
புரட்டாசி 25. வீட்டின் பின்புறம் தனி விதைப்பு, ஒரு பாத்தி.
ஐப்பசி 2. அந்தப் பாத்தியில் முளைப்பு, ஏறத்தாழ முழுமை.
ஐப்பசி 3. மதினி தம் தந்தையுடன் புறப்பட்டார்.

மேலே இருப்பவை நிகழ்ந்தவை மட்டும். காரணம் எதையும் சேர்க்கவில்லை. விதைப் பரிசோதனைக் கூடத்தில் பதிவேடுகளை இப்படி எழுதித்தான் எனக்குப் பழக்கம். முளைத்தது, முளைக்கவில்லை என்பது ஓர் ஏட்டில். ஏன் என்பது அடுத்த ஏட்டில். அந்த அடுத்த ஏட்டை எழுத அறுபது ஆண்டு தாமதித்திருக்கிறேன். சென்ற மாதம் மதினி காலமானார்.

விதைத் துறையில் என்னோடு பணியாற்றிய, என் வயதை ஒத்த உங்களில் பலர் மானாவாரி வீடுகளில் பிறந்தவர்கள். வானம் பார்த்த நிலத்துக்காரனுக்கு நாட்காட்டிதான் கிணறு என்பது உங்களுக்குத் தெரியும். தேவிபட்டினத்துக்கு மேற்கே, கடல் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மட்டும் தெரியும் தொலைவில், எங்கள் ஊர். கரிய மண். மானாவாரி வயலைக் கொல்லை என்போம். கிணறு தோண்டினால் உப்பு. ஆகவே எதற்கும் ஒரு நாள் குறித்திருந்தார்கள்: ஏர் பூட்ட ஒரு நாள், விதைக்க ஒரு நாள், விதையெடுக்க ஒரு நாள். மழை பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நாட்களை ஒட்டி வந்தது. வந்ததால், நாள்தான் விளைவிக்கிறது என்று எங்கள் வீட்டார் நம்பினார்கள்.

மதினி வேறு மண்ணிலிருந்து வந்தவர். மண்டபத்துக்குப் போகும் சாலையில், பனையும் தென்னையுமாக நிற்கும் மணல் ஊர். அங்கே இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அந்த ஊற்றிலிருந்து மொண்டு ஊற்றிக் கத்தரியும் சுரையும் வெண்டையும் ஆண்டு முழுவதும் வளர்த்தார்கள். அவர்களுக்கு விதைக்கும் நாள் என்று ஒன்று இல்லை. பாத்தி காலியானால் விதைத்தார்கள். காய் முற்றினால் விதையெடுத்தார்கள்.

அவருக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கலாம். எனக்குப் பதினொன்று. கொழுந்தனுக்குரிய மரியாதை என்று, வந்த நாள் முதல் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் அழைத்தார். அதற்கு முன் அப்படி யாரும் என்னை அழைத்ததில்லை. நான் நோஞ்சான் பிள்ளை, மூச்சு இழுப்பு வரும், வண்டியில் ஏற்றாமல் விட்டுவிட்டுப் போவார்கள். அய்யா என்னைப் பற்றிப் பேசும்போது பெயரைச் சொல்லமாட்டார். "அது" என்பார். "அது சாப்பிட்டுச்சா?" என்று ஆத்தாவிடம் கேட்பார்.

மதினி வந்த முதல் வாரம், எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது நினைவிருக்கிறது.

"ஏன் கொழுந்தப்புள்ள, ஒங்க வீட்டுல குழம்புக்கு உப்பே வாங்க வேண்டாம் போலருக்கே?"

"கடலு பக்கம்ல மதினி."

"எங்க ஊருக்குக் கடலு கால நனைக்குது. தண்ணி கல்கண்டா இருக்கு. இங்கன கடலக் காணோம், உப்பு மட்டும் வந்து குடியிருக்கு."

நான் சிரித்தேன். அடுப்படியிலிருந்து ஆத்தா, "வந்து எட்டு நாளு ஆகல, ஊரக் கொற சொல்லியாச்சு" என்றார். அதிலும் கோபம் இல்லை. அந்தக் காலத்தில் வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். மருமகள் மாமனார் முகம் பார்த்துப் பேசக்கூடாது. மதினிக்கு அய்யாவிடம் ஏதேனும் சொல்லவேண்டியிருந்தால், கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வார். அய்யாவுக்கு அது கேட்கும். ஆனாலும் நான் திரும்ப ஒருமுறை சொன்ன பிறகே அவர் பதில் சொல்வார். அந்தப் பதிலும் என்னிடம்தான். அண்ணன் அய்யாவின் முன் வாயைத் திறந்து நான் கண்டதில்லை. ஆகவே அந்த வீட்டில் மதினிக்கு இருந்த ஒரே வாய் நான்.

இன்னொரு வழக்கம் விதைக்கை. தை மாதக் கடைசி வெள்ளியில், வீட்டுப் பெண் ஒருத்தி தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு மிளகாய்க் கொல்லையில் இறங்கி, முதல் சுளகு நிறையக் காய் பறிப்பாள். அதன் பிறகு மற்றப் பெண்கள் இறங்கி ஒரு சாக்கு நிரப்புவார்கள். அந்தச் சாக்குதான் அடுத்த ஆண்டின் விதை. முதல் சுளகைப் பறித்தவளின் கைக்கு விதைக்கை என்று பெயர். வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தால் அந்த உரிமை அவளுடையது. விளைந்தால் அவள் கைராசி. விளையாவிட்டால் என்ன என்று யாரும் அதுவரை யோசித்ததில்லை. ஏனென்றால், புரட்டாசியில் விதைத்த செடியில் தைக் கடைசிக்குள் பழம் சிவந்து தொங்கும். யார் பறித்தாலும் முளைக்கும்.

அந்த ஆண்டு விதைத்தது ஐப்பசிக் கடைசியில்.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையை நான் முழுவதுமாக வைத்திருக்கிறேன். பனி விழுந்து மண் குளிர்ந்திருந்தது. கிழக்கிலிருந்து வந்த காற்றில் கருவாட்டு வாசம். செடிகள் முழங்கால் உயரம். இலைகளுக்கடியில் உருண்டை உருண்டையாகக் குண்டு மிளகாய்கள், கரும்பச்சையாக. பத்துச் செடிக்கு ஒரு காயில் காம்பை ஒட்டிய தோளில் மட்டும் சிவப்பு ஏறியிருந்தது. பச்சையும் சிவப்பும் கலந்த அந்த நிலையைத்தான் செங்காய் என்போம். மதினி சுளகோடு வரப்பில் நின்றார். ஈரச் சேலை காலில் ஒட்டியிருந்தது. குனிந்து ஒரு காயைக் கிள்ளி, நகத்தால் பிளந்து, என்னிடம் நீட்டினார்.

"பாருங்க கொழுந்தப்புள்ள. வெத வெள்ளையா, தண்ணியா இருக்கு. அமுக்குனா நசுங்குது. இது இன்னும் பால் குடிக்கிற பிள்ள. இதக் கொண்டுபோயி எப்படி மண்ணுல தனியா விடுறது?"

"என்ன செய்யணும் மதினி?"

"அய்யாட்ட சொல்லுங்க. ஒரு மாசம் போகட்டும். மொத எடுப்ப விட்டுட்டு, ரெண்டாம் எடுப்புல நல்லாச் செவந்து தோலு சுருங்குன பழமாப் பாத்து எடுத்துக்கிருவோம். எங்க ஊருல காயப் பாத்துத்தான் வெத எடுப்போம். இன்னைக்கு வெள்ளியா செவ்வாயான்னு காயிக்கு என்ன தெரியும்?"

நான் வரப்போடு நடந்துபோய் அய்யாவிடம் சொன்னேன். வார்த்தை தவறாமல் சொன்னேன். அதில் எனக்கு ஐயமில்லை. அய்யா பக்கத்துக் கொல்லை மாமாவோடு நின்றிருந்தார். மாமா சிரித்துவிட்டார்.

"மச்சான், ஒம் மருமக பஞ்சாங்கத்தையே மாத்திருவா போலருக்கே!"

அய்யாவும் சிரித்தார். ஆனால் மாமா சிரித்த பிறகு சிரித்தார். அது வேறு வகைச் சிரிப்பு என்று இப்போது தெரிகிறது.

"போயிச் சொல்லுலே. மழதான் நம்மள ஏமாத்திருச்சு, குறிச்ச நாளையும் நாம ஏமாத்தணுமான்னு கேளு. மூணு தலமொறையா இந்த வீட்டுல தைக் கடசி வெள்ளிதான்."

திரும்ப வந்து சொன்னேன். மதினி வரப்பிலிருந்து கொல்லைக்குள் இறங்கினார். சுளகு நிறையப் பறித்தார். அதிலும் செங்காயாகத் தேடித் தேடிப் பறித்தார். பின்னால் நின்ற பெண்கள், "வெரசாப் பறி தாயி, வெயிலு வந்துரும்" என்று அவசரப்படுத்தினார்கள்.

பறித்த காய்களைக் களத்தில் பரப்பினார்கள். வெயிலில் கிடந்து அவையும் சிவந்தன. செடியில் நின்று பழுத்துச் சிவப்பது வேறு, வெயிலில் வாடிச் சிவப்பது வேறு. நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். காய்ந்ததும் கம்பால் அடித்து, புடைத்து, சாம்பல் கலந்து பானையில் கட்டினார்கள். விதை வழக்கத்தைவிடச் சிறுத்து, ஓரம் சுருண்டிருந்தது. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்த அய்யா, "சின்ன வெதைக்குக் காரம் சாஸ்தி" என்றார்.

பங்குனியில், இரண்டாம் பழ எடுப்பின்போது, மதினி கொல்லையின் மூலையில் சில செடிகளைத் தொடாமல் விட்டார். மற்றப் பெண்களிடம் அவை சொத்தை என்று சொன்னதாக நினைவு. ஒரு வாரம் கழித்து, தோல் சுருங்கிய பழங்களை ஒரு கொட்டானில் கொண்டுவந்தார். பனையோலையில் முடைந்த சிறு பெட்டியைத்தான் கொட்டான் என்கிறோம். பழத்தை உடைக்கவில்லை, வெயிலில் காட்டவில்லை. முழுப் பழமாகவே நிழலில் உலர்த்தி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். அதைப் பார்த்தவன் நான் மட்டும்.

"எதுக்கு மதினி?"

"சும்மா. எங்க அப்பா வீட்டுப் பழக்கம். வெதையில்லாத வீட்டுல எனக்குத் தூக்கம் வராது."

அந்தக் கோடையில் நாங்கள் இருவரும் களத்தில் காவல் இருந்தோம். மிளகாய் நெடியில் இருவருக்கும் கண் எரிந்துகொண்டே இருக்கும். எனக்கு இழுப்பு வரும்போது அவர் என்னைக் காற்று வரும் பக்கம் உட்காரவைத்து, நெடி வரும் பக்கம் தாம் உட்கார்வார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை. இடம் மாறி உட்கார்வார், அவ்வளவுதான்.

மறு ஆண்டு மழை புரட்டாசியிலேயே வந்தது. நல்ல மழை. அய்யா விதைத்தார். எட்டு நாள், பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆயிற்று. மாமாவின் கொல்லையில் பச்சை கட்டிவிட்டது. எங்கள் கொல்லையில் கரிய மண் தெரிந்தது. குனிந்து தேடினால் இங்கொன்று அங்கொன்று, அதுவும் வெளிறி, தலை நிமிராமல்.

ஊரார் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா அன்றும் வந்தார்.

"என்ன மச்சான், கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரில நிக்கிது! கோடு எப்ப இழுக்கப் போற?"

அய்யா முதலில் எறும்பு என்றார். பிறகு ஆழமாகப் போய்விட்டது என்றார். ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்து, அதில் கிடந்த விதையை நசுக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. அன்று மாலை ஆத்தாதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். சோறு போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல்.

"போன தையில வெதக்கை யாரு கை?"

எல்லாருக்கும் தெரிந்ததை ஒருவர் கேட்டால் அதற்குப் பதில் தேவைப்படுவதில்லை. அய்யா கை கழுவினார். "அவ அப்பனுக்குச் சொல்லி விடு. வந்து கூட்டிட்டுப் போகட்டும். அடுத்த தை வரட்டும், பாப்போம்." அடுத்த தை என்றால் என்ன பொருள் என்று எனக்கே புரிந்தது. கைராசி இல்லை என்று அனுப்பப்பட்டவர் திரும்பி வந்ததாக எங்கள் பக்கத்தில் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மதினி என்னை அழைத்துக் கொட்டானைக் கொடுத்தார். அவர் கொல்லைப் பக்கம் போகக்கூடாது, விதையைத் தொடக்கூடாது என்று ஆத்தா சொல்லியிருந்தார்.

"கொழுந்தப்புள்ள, நான் போட்டா ஆரும் நம்பமாட்டாக. நீங்க போடுங்க. கெணத்தடிக்குப் பின்னால ஒரு பாத்தி. எட்டு நாளுல முளைச்சிரும். கடுதாசி போயி எங்க அப்பா வர்றதுக்கு ஒன்பது பத்து நாளு ஆகும். முளைச்ச அன்னைக்கு அய்யாவக் கூட்டியாந்து காட்டி, இது எந்த வெதன்னு சொல்லிருங்க. அது போதும்."

"முளைக்குமா மதினி?"

"நான் இருக்கப்போறேனா போகப்போறேனான்னு அதுகிட்டதான இருக்கு. முளைக்காம என்ன செய்யும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பழங்களை உடைத்தேன். விதைகள் மஞ்சளாக, தட்டையாக, வழவழப்பாக இருந்தன. பாத்தி கட்டி, தூவி, மேலே மெல்லிய மண் போட்டு, கையால் தெளித்தேன். ஏழு நாளும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து பார்த்தேன். அடுப்படி வாசலில் மதினி நிற்பார். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. அவரும் தலையை ஆட்டுவார், சரி என்று. எட்டாம் நாள் காலையில் பாத்தி முழுவதும் மண் விரிந்து, கொக்கி போல வளைந்த வெள்ளைத் தண்டுகள் கொத்துக் கொத்தாக எழுந்திருந்தன. சிலவற்றின் தலையில் விதைத்தோல் இன்னும் தொப்பியாக ஒட்டியிருந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அய்யா வந்தார். கூடவே மாமாவும் வந்தார்.

அய்யா பாத்தியின் முன் குந்தினார். வளைந்த தண்டு ஒன்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

"ஆருலே போட்டது?"

"நான்தான் அய்யா."

அவர் என் வலக்கையைப் பிடித்தார். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"பாத்தியா மச்சான். கையப் பாரு கைய. எம் மகன் கை!"

மாமா சொன்னார்: "அதான சங்கதி. மருமக கையில அவிஞ்ச வெத மகன் கையில முளைச்சிருச்சு."

நான் வாயைத் திறந்தேன். 'வெத' என்ற சொல் வரையில் வந்தது. அய்யா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம பானை வெததான?"

அந்தக் கணத்தை எத்தனையோ முறை பரிசோதித்திருக்கிறேன். அச்சம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அய்யாவின் முகத்தில் கோபம் இல்லை. அவர் 'எம் மகன்' என்று சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பானை விதை இல்லை என்று சொன்னால், அந்தக் கை சாதாரணக் கையாகிவிடும். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மதினி நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

தலையசைத்தேன், ஆமாம் என்று.

அய்யா என் தலையில் கை வைத்தார். கனமான, சூடான கை. மதினியைக் காப்பாற்ற முளைத்த அந்தப் பாத்தி, அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. ஒரே விதை, இரண்டு கை. ஒன்றில் அவிந்தது, ஒன்றில் முளைத்தது. இதைவிடத் தெளிவான நிரூபணம் யாருக்கு வேண்டும்? பரிசோதனைக் கூடத்தில் நான் பின்னாளில் கற்றது இதுதான்: விதை எங்கிருந்து வந்தது என்று எழுதப்படாத முடிவு, தவறான முடிவைவிடக் கெட்டது.

மறுநாள் மதினியின் தந்தை வந்தார். தோளில் துண்டோடு, ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். சேதியை அவரிடம் யாரும் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. மதினி புறப்படும் முன் கிணற்றடிக்கு வந்தார். நான் அங்கே பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, திரும்பாமல் நின்றிருந்தேன். அவர் சற்று நேரம் காத்திருந்தார். எதற்காகக் காத்திருந்தார் என்பது இருவருக்கும் தெரியும்.

"தண்ணி கூட ஊத்தாதீங்க கொழுந்தப்புள்ள," என்றார் பிறகு. "நாத்து அழுகிரும்."

அண்ணன் பேருந்து நிற்கும் இடம்வரை பெட்டியைத் தூக்கிச் சென்றார்.

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த ஆண்டு மாமா இரவல் விதை கொடுத்து, அய்யா மீண்டும் விதைத்தார். என் பாத்தி நாற்றைப் பிடுங்கி மூலையில் நட்டார். அடுத்த தையில், அந்த மூலைச் செடிகளில் பழம் சிவந்திருக்க, விதைக்கை நான். ஓர் ஆண்பிள்ளைக்கு அந்த மரியாதை அதற்கு முன் எங்கள் ஊரில் இருந்ததில்லை. மழை உரிய காலத்தில் பெய்த ஆண்டுகள் அவை, நான் பறித்ததெல்லாம் பழம், பழமெல்லாம் முளைத்தது. கைராசிக்காரன் என்று பெயர் வந்தது. 'மண்ணு படிப்பு படிக்கட்டும்' என்று அய்யா என்னை வேளாண்மைக் கல்லூரிக்கு அனுப்பினார். இழுப்பும் எப்போதோ நின்றுவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து அண்ணனுக்கு வேறிடத்தில் மணம் முடித்தார்கள். அந்த அண்ணியும் நல்லவர். அவரைக் குறித்து எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, ஈரத் தாளில் விதைகளைப் பரப்பி எண்ணும் வகுப்பில், பச்சைக் காயில் எடுத்தவை ஒரு தாள், செங்காயில் எடுத்தவை ஒரு தாள், முழுப் பழத்தில் எடுத்தவை ஒரு தாள். பத்தாம் நாள் மூன்றையும் அருகருகே வைத்தபோது, எங்கள் கொல்லையையும் என் பாத்தியையும் ஒரே மேசையில் பார்த்தேன். பூ கருவுற்ற நாளிலிருந்து விதை தன் உணவைச் சேர்க்கத் தொடங்குகிறது. சேர்த்து முடிக்கும் முன் பறித்தால், காயும், சுருங்கும், சில வேளை முழு விதைபோலத் தோற்றமும் தரும். முளைக்கும் ஆற்றல் இராது. முற்றிய பின்னும் சில நாள் பழத்துக்குள்ளேயே இருந்தால் அது இன்னும் தேறும். மாறாக, கடைசி எடுப்புவரை காத்திருந்தால், செடி களைத்துக் கோடை வெயிலில் தரும் விதை மெலிந்துபோகும். விதைக்கும் காலம் தள்ளினால் முற்றும் காலமும் தள்ளும்; கணக்கைப் பூவிலிருந்து தொடங்கவேண்டும், மாதத்திலிருந்து அல்ல. இவ்வளவையும் மதினி வரப்பில் நின்று, நகத்தால் ஒரு காயைப் பிளந்து சொல்லியிருந்தார்.

பணியில் சேர்ந்தபின் உழவர்களுக்காகச் சிறு கையேடு ஒன்றை எழுதினேன். 'இன்று என்ன கிழமை என்று காய்க்குத் தெரியாது' என்ற வரி அதில் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் அந்த வரிக்குச் சிரிப்பார்கள். நல்ல வரி என்று உங்களில் சிலரே என்னிடம் பாராட்டியிருக்கிறீர்கள். நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டேன்.

அவர் ஊர் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறும் தொலைவு. பணி நிமித்தம் மண்டபம் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருமுறையும் இறங்கவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை, தம்பி பிள்ளைகளை வளர்த்தார், தோட்டத்தை அவரே பார்த்தார் என்பதெல்லாம் காதில் விழுந்த செய்திகள்.

சென்ற மாதம் அண்ணன் கைபேசியில் அழைத்தார். "ஒம் மதினி போயிட்டா தம்பி. நான் போறேன். நீ வாரியா?" அறுபது ஆண்டுக்குப் பிறகும் அவர் 'ஒம் மதினி' என்றுதான் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை.

போனோம். வீட்டு முன் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள். மதினியின் தம்பி மகன், நாற்பது வயதுக்காரர், எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். அண்ணனை அவருக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கு வியப்பாக இருந்தது. "ஐயா, நீங்க?" என்று என்னைக் கேட்டார். "விதை ஆபீசுல இருந்தேன்" என்றேன். "அப்பிடியா, அத்தையும் வெதைப் பைத்தியம்தான் ஐயா. அங்கன பாருங்க, கத்தரியில வெதைக்குன்னு அடையாளத் துணி கட்டி விட்டுட்டுப் போயிருக்கு. இனி அத ஆரு எடுக்கப்போறா? எங்களுக்குப் பக்குவம் தெரியாது" என்றார். நான் வந்து எடுத்துத் தருகிறேன் என்றேன். 

மதினியின் உடலை எடுத்துச் சென்ற பிறகு பந்தலில் அண்ணனும் நானும் மட்டும் இருந்தோம். நான் சொன்னேன்.

"அண்ணே, அந்தக் கெணத்தடிப் பாத்தி, அது பானை வெத இல்ல. மதினி தனியா எடுத்து வச்சிருந்தது."

அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தெரியும் தம்பி."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கு ராத்திரியே அவ சொன்னா. நான் அய்யாட்டப் போயிச் சொன்னேன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவதான் அவரு முன்னால பேசியிருக்கேன், அது அன்னைக்குத்தான். 'பொண்டாட்டிக்காகப் பொய் சொல்ற, சின்னவன் பொய் சொல்லமாட்டான்'னுட்டாரு. ஒன்ன எழுப்பிக் கூட்டியாந்து கேக்கலாம்னேன். அவதான் வேண்டாம்னா."

"ஏன்?"

"'தூங்குற பிள்ளைய எழுப்பி அடிவாங்க வைக்காதீங்க. அது நல்ல பிள்ள. பழுக்கட்டும், தானாச் சொல்லும்'னா. அங்கன போன பெறகும் நான் மாசம் ஒருக்கா போயிப் பாத்துட்டு வருவேன். அய்யாவுக்குத் தெரியாது. போறப்பல்லாம் கேப்பா, 'கொழுந்தப்புள்ள ஏதும் சொன்னாரா?'ன்னு. ரெண்டு வருசம் கேட்டா. எனக்கு வேற எடத்துல முடிச்ச பெறகு கேக்கல."

"அண்ணே, நீங்களாச்சும் என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டுட்டா அது நீயாச் சொன்னதா ஆகாதேன்னா. அவ பேச்ச நான் தட்டல. அய்யா பேச்சத் தட்டாதவன், அவ பேச்சையும் தட்டல." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ இன்னைக்குச் சொல்லிட்டீல. சரி. ஒரு பத்து நாளு முந்திச் சொல்லியிருக்கலாம்."

செய்யாமல் நிற்பவை:

1. மதினியின் தம்பி மகனிடம், நான் அவருடைய அத்தைக்கு என்ன உறவு என்று சொல்லவில்லை.

2. அந்த வீட்டிலிருந்து வந்தபின் அண்ணனை அழைக்கவில்லை. அவரும் அழைக்கவில்லை. அவருக்கு எண்பது.

3. கையேட்டின் அந்த வரி யாருடையது என்று எழுதித் திருத்தம் அனுப்பவில்லை.

4. துணி கட்டிய கத்தரிகள் பதினொன்று. நான் பார்த்த அன்று ஊதா வெளுத்து மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்த வாரம் எடுத்தால் முளைக்கும். அடுத்த வாரம் பழம் செடியிலேயே அழுகிவிடும். இன்னும் போகவில்லை.